பின்னோக்கி வைக்கும் அடி

ஒரு செயலுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்ற அனுமானத்தின் மேல்தான் நமது அறவிசாரம் பெரும்பாலும் நிற்கிறது. குற்றம் நடந்தால் செய்தது யார் என்று கேட்கிறோம். நல்லது நடந்தாலும் அதே கேள்விதான். 'நாங்கள் செய்தோம்' என்று பன்மையில் சொல்லும்போதும், அந்தப் பன்மையைப் பிரித்தால் உள்ளே ஆளுக்கொரு காரியமாகக் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள் என்றால் ஆளுக்கொரு காலைத் தூக்கினார்கள், கணக்கு சரியாகிவிட்டது. அப்படிப் பிரித்தால் எதுவுமே மிஞ்சாத செயல் உண்டா? இருவரில் எவருடையது என்று சொல்ல முடியாத, ஆனால் இருவருமே முழுசாகப் பொறுப்பேற்க வேண்டிய செயல்? இந்தக் கேள்வியை ஒரு சில்லறை உதாரணத்தை வைத்துப் பார்க்க நினைக்கிறேன். குயிக்ஸ்டெப் என்ற மேற்கத்திய ஜோடி நடனத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் அடிவரிசைதான் அந்த உதாரணம்.

நடனம் நமது இலக்கியப் பேச்சில் அடிக்கடி வருகிறது. ஆனால் நாம் மனதில் வைத்துப் பேசும் நடனக்காரர் அநேகமாக ஒரு தனியாள். நடராஜர் தனியாக ஆடுகிறார்; காளியோடு ஆடும்போதும் அது போட்டி. பரதத்தின் அடவு ஒரே உடலின் கணக்கு. யேட்ஸ் 1928ல் வெளியிட்ட தொகுப்பில் பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய கவிதையின் முடிவில் வருவதும் தனியாள்தான். வாலேரியின் நடன உரையாடலில் சாக்ரடீஸ் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பெண்ணை. கைகோத்து ஆடும் குரவை நம்மிடம் உண்டு என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், ஆனால் குரவையில் எல்லோரும் ஒரே அடியை வைக்கிறார்கள். இவ்வகை நடனங்களிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட படிமமெல்லாம் தன்னில் தானே பூரணமான ஒரு சுயத்தின் படிமம். ஒருவர் முன்னே வைக்கும் அதே கணத்தில் மற்றவர் பின்னே வைத்தாக வேண்டிய நடனம் நமது சிந்தனைக்குள் வரவில்லை. அது வராததில் நஷ்டம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குயிக்ஸ்டெப் இங்கிலாந்தில் உருவானது. முதல் உலகப் போர் முடிந்ததும் அங்கே பொதுமக்களுக்கான பெரிய நடனக் கூடங்கள் தோன்றின. லண்டனின் ஹாமர்ஸ்மித் பலே 1919ல் திறக்கப்பட்டது. 1920களில் வாத்தியக் குழுக்கள் ஃபாக்ஸ்டிராட் இசையை மேலும் மேலும் விரைவுபடுத்தி வாசிக்க, அந்த நடனமே இரண்டாகப் பிரிந்தது. நீண்ட அடிகளுக்கு இடம் தந்த நிதானமான வடிவம் ஸ்லோ ஃபாக்ஸ்டிராட்டாயிற்று. சார்ல்ஸ்டனின் துள்ளலில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்ட விரைவான வடிவம் குயிக்ஸ்டெப். 1929ல் கூடிய ஆசிரியர் மாநாடு அடிப்படை அடிகளையும் வேகத்தையும் வரையறுத்தது. 1936ல் அலெக்ஸ் மூர் எழுதிய பாடநூல், எந்தப் பாதம், எந்தத் திசை, எவ்வளவு திருப்பம் என்று ஒவ்வொரு அடியையும் அட்டவணையாக்கியது. முன்பின் அறியாத இருவர் ஒரு பாட்டு முடியும்வரை சேர்ந்து ஆடிவிட்டுப் பிரிய முடிந்தது இந்தப் பொது இலக்கணத்தால்தான். யாப்பை உதறியதைச் சுதந்திரம் என்று மட்டுமே பார்த்துப் பழகிய நாம், இலக்கணம் அந்நியர்களைச் சேர்த்துவைக்கும் என்பதையும் யோசிக்கலாம்.

இப்போது அந்த அடிவரிசை. வலப்புறம் கால் வட்டம் திரும்பும் 'குவார்ட்டர் டர்ன்' ஒன்று. அதையடுத்து 'ப்ரோக்ரஸிவ் ஷாஸே'. கூடத்தில் எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகின்றன. நடத்துகிறவர் சுவரை நோக்கிச் சாய்வாக நின்று வலது காலை முன்னே வைக்கிறார். இது 'ஸ்லோ', இரண்டு தட்டு. இடது கால் பக்கவாட்டில், வலது கால் அதனோடு சேர்கிறது. இவை 'குயிக்', தலா ஒரு தட்டு. இதற்குள் கால் வட்டம் திரும்பியாயிற்று. நாலாவது அடி இடது கால் பின்னோக்கி, ஸ்லோ. ஷாஸே அங்கே துவங்குகிறது. வலது கால் பின்னோக்கி, ஸ்லோ. இடது கால் பக்கவாட்டில், வலது கால் சேர, இரண்டு குயிக். மீண்டும் இடது கால் பக்கவாட்டில் சற்றே முன்னால், ஸ்லோ. திரும்பிய கால் வட்டம் இடப்புறமாகத் திரும்பிச் சரியாகிவிடுகிறது. தொடர்கிறவர் இவை எட்டுக்கும் எதிர்க்காலால், எதிர்த்திசையில் ஈடு வைக்கிறார். மொத்தம் எட்டு அடி, பன்னிரண்டு தட்டு, மூன்று பார். போட்டிகளில் குயிக்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்கு 50 முதல் 52 பார். 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டு 0.3 விநாடி, முழு அடிவரிசை 3.6 விநாடி.

நானும் என் மனைவியும் இதைச் சென்னையில் ஒரு மாடியில் நடக்கும் சிறு வகுப்பில் கற்றுக்கொண்டோம். அங்கே ஸ்பீக்கரில் ஓடுவது போட்டி வேகமில்லை, அதைவிடக் குறைவு. ஆனாலும் பிரச்னை அதேதான்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விஷயம் எளிது. ஒருவர் கட்டளையிடுகிறார், மற்றவர் கீழ்ப்படிகிறார். இது தவறு என்று காட்ட அரசியல் தேவையில்லை, கணக்கே போதும். ஒரு தொடுகையை உணர்ந்து அதற்கு எதிர்வினை காட்ட மனித உடலுக்கு விநாடியில் ஆறில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ ஆகிறது. தட்டோ 0.3 விநாடி. தட்டு விழும்போது பிறக்கும் கட்டளை போய்ச் சேர்ந்து, கால் நகர்ந்து, எடை மாறி முடிவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். ஆகவே கட்டளை என்று ஒன்று இருந்தால் அது முந்தின அடிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இருக்கவும் செய்கிறது. முதல் அடியில் வலது கால் முன்னே போகும்போதே இடது தோளும் இடுப்பும் அதனோடு முன்னே வருகின்றன. திருப்பம் நிகழ்வது இரண்டாவது அடியில்; அது தெரியவருவது முதல் அடியில். கையால் தள்ளித் திருப்புவது துவக்கத்தில் எல்லாரிடமும் காணும் பழக்கம். அது பலிக்காததற்குக் காரணம், தள்ளல் எப்போதும் ஒரு தட்டு தாமதமாகவே வருகிறது. "கை சொல்றது எனக்கு லேட்டாத்தான் வந்து சேருது. அதுக்கு முன்னாடியே உங்க நெஞ்சு சொல்லிடுது" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். இந்த விஷயத்தில் நான் படித்த எதைவிடவும் இது துல்லியமானது.

அப்படியானால் நடத்துகிறவர் செய்வது என்ன? மற்றவரை நகர்த்துவது அவர் வேலையில்லை. தன் எடையைத் தான் நகர்த்துகிறார், போகப்போகும் இடத்தை மறைக்காமல், போவதற்கு முன்பே தெரியும்படி. தன் நோக்கத்தை இன்னொருவர் படிக்கத் தக்கதாகத் திறந்துவைப்பதுதான் அவர் கடமை. அது மட்டும் போதாது. மூன்றாவது அடியில் கால்கள் சேரும்போது தொடர்கிறவரின் எடை முழுசாக மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் நாலாவது அடிக்கு அவரிடம் கால் இல்லை. மாறியதா இல்லையா என்பதைத் தன் உடலால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நடத்துகிறவர் மேலே போக முடியும். நடத்துவதற்குள்ளேயே ஒரு தொடர்தல் இருக்கிறது.

தொடர்கிறவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. அடிவரிசையை அவர் மனப்பாடமாக அறிவார், அறிந்தாக வேண்டும். ஆனால் அந்த மனப்பாடத்தின் பேரில் நகர்ந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடுகிறது. நாலாவது அடி முடிந்ததும் ஷாஸே வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வழியில் இன்னொரு ஜோடி நின்றுவிட்டால் நடத்துகிறவர் ஒரு தட்டு தயங்கலாம், வேறு அடிக்குப் போகலாம். அப்போது மனப்பாடத்தில் போய்க்கொண்டிருப்பவர் தனியாகப் போய்விடுவார். சுவாரஸ்யமான விஷயம், யாரும் தடுக்காதபோது இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. எட்டு அடிகளும் சுத்தமாக விழும், பார்க்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அங்கே நடந்தது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனி நடனங்கள். அறிந்ததை அறிந்தபடியே வைத்துக்கொண்டு, அதை உபயோகிக்காமல், வருவதற்கு இடம்விட்டுக் காத்திருப்பது தொடர்கிறவரின் அறம். தள்ளுவது நடத்துகிறவரின் பாவம் என்றால் முந்திக்கொள்வது தொடர்கிறவரின் பாவம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: மற்றவர் இல்லாமலே காரியத்தை முடித்துவிட ஆசைப்படுவது.

நவீன தத்துவம் 'பிறர்' என்ற பிரச்னையை அணுகிய வழிகள் இங்கே அவ்வளவாக உதவவில்லை. ஹெகல் 1807ல் எழுதிய ஆண்டான்-அடிமை வர்ணனையில் இரண்டு பிரக்ஞைகள் அங்கீகாரத்துக்காக உயிரைப் பணயம் வைக்கின்றன. ஸார்த்ர் 1943ல், பிறரின் பார்வை என்னைப் பொருளாக உறையவைக்கிறது என்றார். லெவினாஸ் 1961ல் பிறரின் முகத்திலிருந்து அறத்தைத் துவக்கினார். மூன்றிலும் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். குயிக்ஸ்டெப்பின் பிடியில் இருவரும் நெருக்கமாக, ஆனால் சற்று விலகிய கோட்டில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் வலது தோளுக்கு மேலாக வெளியே பார்க்கிறார்கள். முகம் தெரியாது. முகத்தைப் பார்க்க முயன்றால் பிடியே குலைந்துவிடும். பிறர் இங்கே விலாவுக்கருகில் ஒரு எடை, தோள்பட்டையில் ஒரு கை, மூச்சின் ஒரு கதி. பார்க்கப்படாத, பார்க்காத, ஆனால் மிகத் துல்லியமாக அறியப்படும் இந்தப் பிறருக்கு நமது தத்துவத்தில் பெயர் வைத்தாகவில்லை. பல வருஷ தாம்பத்யத்தில், ஒரே சமையலறையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வதில் இதன் சாயல் உண்டு.

இங்கே ஒரு ஆட்சேபம் எழ வேண்டும். யார் நடத்துவது என்று முடிவு செய்தது யார்? ஆண் நடத்துவார், பெண் தொடர்வார் என்று பாடநூல்கள் பிரித்து எழுதின. அழகான பேச்சையெல்லாம் பேசிவிட்டு, பெண் ஆணைத் தொடர்வதற்கு ஒரு புதிய நியாயம் கற்பிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். மரபு அப்படித்தான் அமைந்தது; அது அமைந்த சமூகமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பங்குகள் பாலோடு ஒட்டிப் பிறந்தவையல்ல என்பதை அந்த மரபே உள்ளுக்குள் அறிந்துதான் இருக்கிறது. ஆசிரியராகத் தேறுகிறவர் இரண்டு பக்கத்து அடிகளையும் ஆடிக்காட்ட வேண்டும். 2020ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 'ஸ்டிரிக்ட்லி கம் டான்ஸிங்' நிகழ்ச்சியில் குத்துச்சண்டை வீராங்கனை நிகோலா ஆடம்ஸும் காட்யா ஜோன்ஸும் அதன் முதல் ஒருபால் ஜோடியாக ஆடினார்கள். எங்கள் வகுப்பிலும் மாதத்தில் ஒருநாள் பங்கை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றி ஆடும்போது ஆட்சேபத்தின் நியாயமான பகுதி எது என்று தெரிகிறது. தொடர்வது இழிவு என்பது அந்தப் பகுதியில்லை. யாருடைய நோக்கம் முதலில் கேட்கப்படும் என்பதை, கேட்காமலே, பிறப்பை வைத்து முடிவுசெய்ததுதான் அநீதி.

ஆனால் 'நடத்துகிறவர் பார்க்கிறார், ஆகவே நடத்துகிறார்' என்ற பழைய நியாயம் இந்த அடிவரிசைக்குள்ளேயே உடைந்துபோகிறது. முன்னே போகிறவருக்கு வழி தெரிகிறது, பின்னே போகிறவருக்குத் தெரியவில்லை, ஆகவே தெரிந்தவர் பொறுப்பேற்கிறார் என்பது வழக்கமான வாதம். எல்லாத் தலைமையும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இதைத்தான். அடிகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். நாலாவது அடியும் ஐந்தாவது அடியும் நடத்துகிறவருக்குப் பின்னோக்கியவை. இரண்டும் ஸ்லோ, நாலு தட்டு, 1.2 விநாடி. அந்த நேரம் முழுவதும் அவர் போகும் திசையை அவர் பார்க்கவில்லை. பார்க்கிறவர் தொடர்கிறவர். முழுசாகப் பின்னோக்கிய அடி தொடர்கிறவருக்கு முதலாவது ஒன்றுதான், இரண்டு தட்டு. கடைசி அடியில் சற்றே பின்வாங்கல். கண்மூடித்தனமாக நடக்கும் நேரம் நடத்துகிறவருக்கே அதிகம். ஆனாலும் அந்த 1.2 விநாடியில் பங்குகள் மாறுவதில்லை. அவர்தான் நடத்திக்கொண்டிருக்கிறார், தெரியாமலே.

அப்போது என்ன நடக்கிறது என்றால், அவர் முதுகுப் பக்கம் யாராவது வந்தால் தொடர்கிறவரின் இடது கை அவர் மேற்கையில் லேசாக அழுந்துகிறது. அடி அட்டவணையில் வராத விஷயம் இது. அழுத்தம் வந்தால் அவர் அடியைச் சுருக்கிக்கொள்கிறார். அந்த அழுத்தம் கட்டளையில்லை, யோசனையும் இல்லை; இரண்டுக்கும் அங்கே நேரமில்லை. பார்வை ஒருவரிடமும் தீர்மானம் இன்னொருவரிடமும் இருக்கும்போது அவற்றைச் சேர்த்துவைக்கும் நூல் அது. அந்த நூல் அறாமல் இருப்பது நடத்துகிறவரின் காது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே நடத்தும் உரிமைக்கு ஞானம் ஆதாரமாக முடியாது. தெளிவாக இருக்கும் கடமையும் கேட்கும் கடமையும் மட்டுமே மிஞ்சுகின்றன. இவை இரண்டும் போனபின் எஞ்சுகிற தலைமைக்கு இழுத்துப்போவது என்று பெயர்.

என் பிழைப்பிலிருந்து ஒரு மாற்று உதாரணம். வங்கிக் கிளைகளில் ரொக்கம் இருக்கும் இரும்புப் பெட்டி இரண்டு பேர் பொறுப்பில் இருக்கும். ஒரு சாவி காஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். ஜாயின்ட் கஸ்டடி என்பார்கள். ஒருவர் மட்டும் வந்தால் பெட்டி திறக்காது. சாயங்காலம் ரொக்கத்தை எண்ணிச் சரிபார்த்து இருவரும் சேர்ந்து பூட்டுகிறார்கள். பெட்டியைத் திறப்பதும், மேலே சொன்ன அர்த்தத்தில், இருவர் சேர்ந்தே செய்ய முடிந்த செயல்தான். பாதி திறப்பு என்று ஒன்று கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம் அவநம்பிக்கை. இருவரும் திருடர்களாக இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவருக்குக் காவலாக நிறுத்தியிருக்கிறார்கள். இது கெட்ட ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. பிறர் பணத்துக்கு இதுதான் சரி. கவனிக்க வேண்டியது வேறு. இரட்டைச் சாவியில் மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று நான் அறியத் தேவையில்லை. அவர் சாவி திரும்பினால் போதும். நமது சமூகத்தில் கூட்டுச் செயல் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த ரகம்தான்: கமிட்டிகள், கூட்டணிகள், பல கல்யாணங்கள்கூட. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது. ஆனால் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதும் இல்லை.

நாம் இருக்கும் இந்தச் சின்ன வட்டத்துக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இங்கே தொடர்தல் என்பதற்கு இரண்டே அர்த்தங்கள் உண்டு. ஒன்று சீடனாவது, ஆசான் சொன்னதை அவர் சொற்களாலேயே திருப்பிச் சொல்வது. மற்றது கலகம், அதே ஆசானை அடுத்த பத்திரிகையில் கிழிப்பது. சுயம் என்ற சொல்லை நாம் அளவுக்கு மீறி வழிபட்டதன் பலன் இது. தன் சுயத்தை விட்டுக்கொடுக்காமல் இன்னொருவரின் இயக்கத்தை அதன் கடைசி அடிவரை கூடவே போய் அறிவது என்ற மூன்றாவது சாத்தியம் நமக்குப் பழக்கமில்லை. விமரிசனம் என்பது அந்த மூன்றாவது காரியம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் விமரிசகனிடம் நாம் அதிகம் காண்பது மேலே சொன்ன இரண்டு பாவங்களையும்தான். கவிதையைத் தன் சித்தாந்தத்தின் பக்கம் தள்ளுகிறான். அல்லது இந்தக் கவி அடுத்து எங்கே போவான் என்று தனக்குத் தெரியும் என்பதால் முந்திக்கொண்டு அங்கே போய் நிற்கிறான். கவிதை அங்கே வராமல் தயங்கியதையும் வேறு பக்கம் திரும்பியதையும் அவன் பார்க்கவில்லை. அவன் கட்டுரையின் எட்டு அடிகளும் சுத்தமாக விழுந்திருக்கும்.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. அச்சான கவிதை வாசகனின் எடை மாறியதா என்று காத்திருப்பதில்லை. நூலின் அந்த முனையில் யாரும் இல்லை. அதனாலேயே வாசகனின் பொறுப்பு கூடுகிறது; எச்சரிக்கும் கை இல்லாத இடத்தில் அவனே மெதுவாகப் போக வேண்டும். அரசியலுக்கு இதை நீட்டுவதும் ஆபத்து. இருவர் உடலால் அறிவதை லட்சம் பேர் அறிய முடியாது. அங்கே இரட்டைச் சாவிகள் தேவைதான்.

இனி முதல் கேள்வி. அந்த 1.2 விநாடியில் வேறொரு ஜோடியோடு மோதல் நேர்ந்தால் தவறு யாருடையது? நடனக் கூடங்களின் மரபு நடத்துகிறவரைப் பொறுப்பாக்குகிறது. மன்னிப்புக் கேட்பவர் அவரே. ஆனால் பார்த்தவர் தொடர்ந்தவர். கை அழுந்தியதா, அழுந்தியும் கேட்கவில்லையா, அழுந்தத் தேவையில்லாத நம்பிக்கையில் இருந்தாரா என்று விசாரித்துக்கொண்டே போகலாம். விசாரணை முடிவில் ஆளுக்குப் பாதி என்று கிடைக்காது. ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. வங்கிச் சட்டத்தில் இதற்கு ஏற்பாடு உண்டு. சேர்ந்து கையெழுத்திட்ட கடனில் இருவரில் யாரிடமும் முழுசாக வசூலிக்கலாம். அங்கே அது கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்காக வைத்த விதி. இங்கே அதை யாரும் விதிக்கவில்லை. இருவரும் அந்த அடியைச் சேர்ந்து வைத்தார்கள் என்பதால் தானாக வந்து சேர்கிறது.